பின்னாலிருந்து படிப்பவர்கள்

ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து படிப்பார்கள் என்று அந்த நர்ஸ் நம்பிக்கொண்டிருந்தாள். படித்தவர்கள் நிறைந்த இடத்துக்குப் போகிறோம் என்ற மரியாதையில் வந்த நம்பிக்கை அது. பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து ஆய்வேட்டை ஒப்படைத்த கொஞ்ச நாளிலேயே அது அவளை விட்டுப் போய்விட்டது.

பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் பெண்கள் பொது வார்டுக்கு அவள் பொறுப்பு. நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் ‘சிஸ்டர்’. வருடக்கணக்காக ஒரு விஷயம் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. காய்ச்சலுக்கோ மூச்சுத்திணறலுக்கோ சேர்ந்து, தேறி, இன்றோ நாளையோ வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வார்கள். கேஸ் ஷீட்டில் ‘தலைசுற்றல்’ என்றோ ‘முதுமை’ என்றோ எழுதி டாக்டர் கையெழுத்துப் போடுவார். வயசானால் விழத்தானே செய்வார்கள் என்று எல்லோரும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார்கள்.

அவள் நகரவில்லை. விழுந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி விழுந்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வந்தது.

“காலை வச்சேன் சிஸ்டர். அங்க ஒண்ணுமில்ல.”

ஆஸ்பத்திரிக் கட்டில் உயரமானது. ஏறி இறங்க ஒவ்வொரு கட்டிலுக்கும் ஓர் இரும்புப் படி போட்டிருப்பார்கள். காலையில் தரை துடைக்க வருபவர்கள் அந்தப் படியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத் துடைப்பார்கள். துடைத்த கையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போய்விடுவார்கள். படி இருக்கும் என்று நினைத்துக் காலை இறக்கியவர் ஈரத்தரையில் போய் விழுவார். இவ்வளவுதான் விஷயம். இதைப் பார்த்து, கேட்டு, கணக்கெடுத்து உறுதி செய்ய அவளுக்குப் பல வருடங்கள் பிடித்தன.

தன் வார்டில் துடைத்து முடித்ததும் படியைப் பழைய இடத்தில் வைக்கச் சொன்னாள். விழுவது கிட்டத்தட்ட நின்றுபோனது. எதிரே இருந்த ஆண்கள் வார்டின் சிஸ்டரிடம் போய்ச் சொன்னாள். அந்த அம்மா, சர்க்குலர் வந்தால் செய்கிறேன் என்றார். சர்க்குலர் போடச் சொல்லி மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் போனாள்.

கண்காணிப்பாளர் நல்ல மனிதர்தான். “நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் சிஸ்டர். ஆனா ஒரு நர்ஸ் சொன்னாங்கன்னு நான் சர்க்குலர் போட முடியுமா? நாளைக்கு மேலேருந்து கேட்டா என்ன சொல்றது? டாக்டர் பட்டத்துக்குப் பதிவு பண்ணியிருக்கீங்கல்ல, அதை முடிச்சுட்டு வாங்க. ஆய்வு சொல்லுதுன்னு ஒரு வரி போட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்” என்றார்.

ஆக, படி கட்டிலோரம் வர வேண்டுமென்றால் ஆய்வேடு பல்கலைக்கழகத்தைத் தாண்டி வர வேண்டும் என்று ஆனது. அவள் லீவு போட்டு எழுதி முடித்தாள்.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஓய்வு பெறப்போகிறவர். யாரோடும் சண்டை வேண்டாம் என்று இருப்பவர். முக்கியமான அத்தியாயத்தைப் படித்துவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று தணிந்த குரலில் சொன்னார். “ஆனா அது முக்கியமில்லம்மா. பின்னாடி துணைநூற்பட்டியல் சரியா இருக்கா? மையத்துல அதைத்தான் பாப்பாங்க.”

மையம் என்றால் மேற்கோள் ஒழுங்கு மையம். வளாகத்தில் ஒழுகாத கூரை அதற்கு மட்டும்தான் இருந்தது. வேதியியல் ஆய்வகத்தில் மழைநீருக்கு வாளி வைத்திருந்தார்கள். மையத்தில் மூன்று மாடியும் குளிர்சாதனம். ஓர் ஆய்வாளர் யாருடைய நூலிலிருந்து எதை எடுத்தார் என்பதை முறைப்படி குறிப்பிட வேண்டும் என்ற நியாயமான தேவைக்காக ஒரு காலத்தில் ஒரு மேசையும் ஒரு குமாஸ்தாவுமாக ஆரம்பித்தார்கள். மேசை வளர்ந்துவிட்டது. இப்போது கால்புள்ளிப் பிரிவு, முற்றுப்புள்ளிப் பிரிவு, சாய்வெழுத்துப் பிரிவு, அடைப்புக்குறிப் பிரிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, ஓர் அதிகாரி, வாசலில் உட்கார ஒரு பெஞ்சு.

சரிபார்ப்பாளர் ஒரு நடுத்தர வயது அம்மா. ஆய்வேட்டை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்து, பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து ஓரத்து இடைவெளியை அளந்தார். நர்ஸ் தயக்கத்தோடு, மேடம், அது பின்பக்கம் என்றாள்.

“நாங்க பின்னாலேருந்துதான் படிப்போம்” என்றார் அவர்.

முன்பக்கம் எப்போது வரும் என்று கேட்டதற்கு, தான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து யாருடைய ஆய்வேட்டிலும் பட்டியலைத் தாண்டி முன்னால் போகும் அவசியம் ஏற்பட்டதில்லை என்று சொன்னார். அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. வேலை அப்படி.

முதல் தடவை திருப்பி அனுப்பியதற்குக் காரணம் ஒரு முற்றுப்புள்ளி. நூலின் பெயரைச் சாய்வெழுத்தில் போட வேண்டும் என்பது விதி. நர்ஸ் போட்டிருந்தாள். பெயருக்குப் பின்னால் வரும் முற்றுப்புள்ளி நேராக இருக்க வேண்டும் என்றது முற்றுப்புள்ளிப் பிரிவு. பெயரோடு சேர்ந்து அதுவும் சாய வேண்டும் என்றது சாய்வெழுத்துப் பிரிவு. உருண்டையாக இருக்கும் ஒரு புள்ளி சாய்ந்திருக்கிறதா, நேராக நிற்கிறதா என்று எப்படித் தெரியும் என்று நர்ஸ் கேட்டாள். அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் ஒரு பூதக்கண்ணாடியைக் காட்டினார்கள். அதில் பார்த்தபோது புள்ளி பெரிதாகத் தெரிந்தது. மற்றபடி அது புள்ளிதான். இது பயிற்சி இல்லாத கண்ணுக்குப் பிடிபடாது என்று ஆறுதல் சொன்னார்கள்.

இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே பேச்சுவார்த்தை கிடையாது என்பதை அவள் பிறகுதான் தெரிந்துகொண்டாள். முன்பொரு நாள் அரைப்புள்ளி விஷயத்தில் வாய்த்தகராறு வந்ததிலிருந்து இரண்டு அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்தால் படிக்கட்டில் திரும்பிப் போய்விடுவார்களாம். கோப்புகள் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நர்ஸின் ஆய்வேடு ஒரு வாரம் நேராகவும் மறு வாரம் சாய்வாகவும் திரும்பி வந்தது.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் வேலை முடிந்து வந்ததும் அவளோடு உட்கார்ந்து திருத்துவான். ஒரு சாயங்காலம் அவன் கேட்டான்.

“இந்த ஆள் பேருக்கு அப்புறம் புள்ளியா, கமாவா?”

“ரெண்டும்.”

“எது முதல்ல?”

“அதுக்குத்தான் நாளைக்கு மீட்டிங் வச்சிருக்காங்க.”

கையால் திருத்துவதால்தான் இவ்வளவு தொல்லை, மையமே ஒரு மென்பொருள் வைத்திருக்கிறது, அதில் ஏற்றிவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். ஏற்றினாள். மென்பொருளுக்கு மனிதர்களை மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு குடும்பப் பெயரும் ஒரு சொந்தப் பெயரும் இருந்தே தீர வேண்டும் என்று அது அடம்பிடித்தது. ‘பொது மருத்துவமனைக் கட்டில் தரக் குழு’ என்பதைப் பிரித்து, ‘குழு, பொ.ம.க.த.’ என்று ஒரு மனிதரை உண்டாக்கியது. அந்தக் குழு இரண்டு அறிக்கைகள் வெளியிட்டிருந்ததால், இந்தக் குழுவும் அந்தக் குழுவும் ஒருவர்தானா, அண்ணன் தம்பியா என்று விளக்கம் கேட்டு மையத்திலிருந்து கடிதம் வந்தது. அப்பாவின் பெயரை முன்னால் போட்டு எழுதிய ஓர் எலும்பு மருத்துவரை அது இரண்டாக வெட்டி, அப்பாவை முதல் ஆசிரியராகவும் மகனை இரண்டாவது ஆசிரியராகவும் ஆக்கியது. அந்த அப்பா உயிரோடு இருந்தபோது எலும்பைப் பற்றி எதுவும் எழுதியதாகத் தகவல் இல்லை.

இதையெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சரிசெய்தாள். அப்போதுதான் இயக்குநரின் சிறப்புரைக்கு எல்லா ஆய்வாளர்களும் கட்டாயம் வர வேண்டும் என்று அறிவித்தார்கள்.

மையத்தின் இயக்குநர் வாட்டசாட்டமானவர். பேச எழுந்தால் முதலில் கண்ணாடியைத் துடைப்பார். அன்றும் துடைத்துவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரம் வேண்டும் என்ற புதிய விதியை அறிவித்தார். இதுவரை முக்கியமான கருத்துகளுக்கு மட்டும் ஆதாரம் கேட்டதால்தான், எது முக்கியம் எது முக்கியமில்லை என்று ஆய்வாளர்கள் தாங்களாகவே முடிவு செய்யும் ஆபத்து ஏற்பட்டதாம். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

“ஆய்வுன்னா என்ன? அடுத்தவங்க சொன்னதை, இன்னார் சொன்னார்னு சொல்றது. அவ்வளவுதான். நான் இந்தத் துறைக்கு வந்து எவ்வளவோ வருஷம் ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் சொந்தமா ஒரே ஒரு வரி எழுதினதில்ல. என் எழுத்துல ஒரு தப்பை யாராவது காட்டியிருக்காங்களா? காட்ட முடியாது. ஏன்னா அது என்னுது இல்ல.”

அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த துறைத்தலைவர்கள் சிலர் கண் கலங்கியதை நர்ஸ் பார்த்தாள். குளிர்சாதனம் நேராக அவர்கள் முகத்தில் அடித்ததும் காரணமாக இருக்கலாம்.

ஆய்வேடு மறுபடி திரும்பி வந்தது. ‘கட்டிலுக்கு நான்கு கால்கள் உண்டு’ என்ற வரியின் கீழே சிவப்பில் ‘யார் சொன்னது?’ என்று எழுதியிருந்தது. மரச்சாமான் தொழில் பற்றிய ஒரு நூலைத் தேடிப் பிடித்து ஆதாரம் கொடுத்தாள். ‘நீர் பட்ட தரை வழுக்கும்’ என்பதற்கு இயற்பியல் நூல் ஒன்றைக் கொடுத்தாள். ‘காலையில்’ என்ற சொல்லுக்கு ஒரு வானியல் நூல். நன்றியுரையில் கணவனின் பொறுமைக்கு நன்றி சொல்லியிருந்தாள். கணவன் பொறுமையானவன் என்பதற்கு வெளியான சான்று உண்டா என்று கேட்டிருந்தார்கள். அதைக் கேட்டதும் அவள் கணவன் முதல் தடவையாகப் பொறுமை இழந்தான். நன்றியுரையையே எடுத்துவிட்டாள். பட்டியல் மட்டும் பருத்துக்கொண்டே போய், ஆய்வைவிடப் பெரிதானது.

கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் மிச்சமிருந்தது. தரை துடைத்த பின் படியைப் பழைய இடத்தில் வைக்காததே நோயாளிகள் விழுவதற்கு முக்கியக் காரணம் என்ற வாக்கியம். அதற்கு அவளிடம் நூல் எதுவும் இல்லை. இயக்குநரே அவளை அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

“இதை யார் சொன்னா?”

“நான்தான் சார் சொல்றேன். பார்த்துட்டுச் சொல்றேன்.”

“உங்களுக்கு முன்னாடி?”

“யாரும் சொல்லல சார். அதனாலதான் ஆராய்ச்சி பண்ணேன்.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா. உலகத்துல யாருமே சொல்லாத ஒண்ணை நீங்க சொல்றீங்கன்னா, ஒண்ணு அது தப்பா இருக்கணும். இல்லன்னா யாரோ சொல்லியிருக்காங்க, நீங்க மறைக்கிறீங்க. இதுல எது?”

விழுந்தவர்களே சொன்னார்கள் என்று அவள் சொன்னாள். அவர்கள் எந்தப் பதிப்பகம் என்று அவர் கேட்டார். நோயாளிகள் சார் என்றாள். அதில் பலர் இப்போது இல்லை என்றும் சொன்னாள். இறந்தவர்களை மேற்கோள் காட்டத் தடையில்லை, சொல்லப்போனால் மையம் அதைத்தான் விரும்புகிறது, ஆனால் அவர்கள் இறப்பதற்கு முன் ஏதாவது எழுதி வெளியிட்டிருக்க வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

அந்த வாரத்தில்தான் தையல்காரர் விழுந்தார்.

அவர் ஆஸ்பத்திரிக்கு எதிரே கடை வைத்திருந்தவர். நர்ஸுகளின் சீருடை முழுக்க அவர் தைத்ததுதான். கத்தரிக்கோல் நழுவி விழாதிருக்கப் பாக்கெட்டை யாரும் கேட்காமலேயே ஆழமாக வைத்துத் தைப்பார். மூச்சிரைப்புக்காக ஆண்கள் வார்டில் சேர்ந்து குணமாகி, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் சட்டை மாற்றிக்கொண்டு, மனைவி ஆட்டோ கூப்பிடப் போயிருந்த நேரத்தில் கட்டிலிலிருந்து இறங்கினார். நர்ஸ் ஓடிப்போனபோது அவரைத் திரும்பக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். படி கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகக் கிடந்தது.

வலியில் முகம் வெளுத்திருந்தாலும் அவர் மன்னிப்புக் கேட்பது போலத்தான் பேசினார். “காலை வச்சேன் சிஸ்டர். அங்க ஒண்ணுமில்ல.”

இடுப்பெலும்பு முறிந்தவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. சில நாளில் போய்விட்டார். அவர் மனைவி ஆட்டோக்காரரை இன்னும் வெளியே நிற்க வைத்திருப்பவர் போல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்கள் வார்டு சிஸ்டர் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் என்ன பண்றது, சர்க்குலர் வரலையே என்று அழுதார். அது நடிப்பில்லை. நர்ஸுக்கு அவரைத் திட்டவும் வாய் வரவில்லை.

அவள் சீருடையைக்கூட மாற்றாமல் நேரே மையத்துக்குப் போனாள். பெஞ்சில் உட்காரவில்லை. இயக்குநரின் கதவைத் தள்ளிக்கொண்டு போய், ஒரு மனிதர் செத்துப்போய்விட்டார், இந்த வாக்கியம் வெளியே போயிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொன்னாள். இயக்குநர் எழுந்து நின்று தலை குனிந்து சற்று மௌனம் காத்தார். பிறகு உட்கார்ந்து, இந்தச் சம்பவம் அவளுடைய ஆய்வுக்கு வலு சேர்க்கும் என்றும், ஆனால் புதிய தரவைச் சேர்த்தால் ஆய்வேட்டை முதலிலிருந்து, அதாவது கடைசியிலிருந்து, மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும் என்றும் வருத்தத்தோடு சொன்னார்.

அவள் போகாமல் நின்றுகொண்டே இருந்ததால் அவருக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. சட்டென்று முகம் மலர்ந்தது.

“ஒரு வழி இருக்கும்மா. நான் சொல்லிடறேன்.”

அவளுக்குப் புரியவில்லை.

“மையத்துக்குன்னு ஒரு ஆய்விதழ் இருக்கு. நான்தான் ஆசிரியர். இந்தப் படி விஷயத்தை நான் ஒரு கட்டுரையா அதுல எழுதிடறேன். நீங்க என்னை மேற்கோள் காட்டிடுங்க. உங்க முடிவுக்கு ஆதாரம் கிடைச்சுடும். பேருக்கு ஆசைப்பட்டுச் சொல்லல, மாணவர்களுக்காக இதுகூடச் செய்யலைன்னா எப்படி?”

வழிகாட்டி இதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஒத்துக்கொள்ளும்மா, சர்க்குலர் வர வேண்டும் என்பதுதானே முக்கியம் என்றார். நர்ஸுக்குத் தையல்காரரின் மனைவி வாசலைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. யார் சொன்னால் என்ன, படி வெளியே வந்தால் போதும் என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

கட்டுரை வெளிவந்தது. ‘கட்டில், படி, மனிதன்: சில புதிய சிந்தனைகள்’ என்று தலைப்பு. தலைப்பைத் தவிர மற்றதெல்லாம் நர்ஸின் அத்தியாயம், எழுத்துக்கு எழுத்து. அந்த வகையில் இயக்குநர் தன் கொள்கையிலிருந்து கொஞ்சமும் வழுவவில்லை. அடிக்குறிப்பில் ‘ஒரு செவிலியுடன் நிகழ்ந்த உரையாடலும் பயனுள்ளதாக இருந்தது’ என்று பெருந்தன்மையோடு குறிப்பிட்டிருந்தார். ஓரிடத்தில் ‘என் வார்டில்’ என்று நர்ஸ் எழுதியிருந்ததும் அப்படியே இருந்தது. மையத்துக்கு வார்டு கிடையாது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

நர்ஸ் அவரை மேற்கோள் காட்டி ஆய்வேட்டைக் கொடுத்தாள். மேற்கோள் மையம் முத்திரை குத்தியது. அடுத்த மாடியில் திருட்டுத் தடுப்புப் பிரிவு இருந்தது. எழுதியது வேறெங்கிருந்தாவது எடுத்ததா என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் இடம் அது. ஓட்டினார்கள். முக்கிய அத்தியாயம் முழுவதும் சிவப்பாக வந்தது. இயக்குநரின் புகழ்பெற்ற கட்டுரையிலிருந்து வரிக்கு வரி திருடியிருப்பதாக அவள்மீது விசாரணை வைத்தார்கள்.

விசாரணைக் குழுவின் தலைவர் இயக்குநர். பாதிக்கப்பட்டவரும் அவரே. இதில் ஏதாவது சிக்கல் உண்டா என்று வழிகாட்டி மெல்லக் கேட்டபோது, பாதிக்கப்பட்டவருக்குத்தானே விவரம் நன்றாகத் தெரியும் என்று குழு பதில் சொன்னது. நர்ஸ் நடந்ததை நடந்தபடி சொன்னாள். தன் அத்தியாயத்தை எடுத்துத்தான் அவர் கட்டுரை எழுதினார், அதுவும் தனக்கு உதவுவதாகச் சொல்லி எழுதினார் என்றாள்.

இயக்குநர் கோபப்படவில்லை. “இந்தம்மா பொய் சொல்றாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார் மற்றவர்களிடம். “நானே அவங்ககிட்டேருந்து எடுத்திருக்கலாம். எனக்கு எதை எங்கேருந்து எடுத்தேன்னு ஞாபகம் இருக்கறதில்ல, எடுத்தது அவ்வளவு. ஆனா எது முதல்ல அச்சுல வந்துச்சு? அதுதான் கேள்வி. உண்மை யாரோடதுங்கறது நம்ம மையத்தோட வேலை இல்ல. தேதி யாரோடதுங்கறதுதான் நம்ம வேலை.”

குழு தலையாட்டியது. மனிதாபிமான அடிப்படையில் அவளைத் தண்டிக்காமல், ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். வேறு ஏதாவது ஒரு நூலோடு ஒத்துப்போகும் வரிகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஆய்வேட்டைத் திரும்பக் கொடுக்க வேண்டும். துணைநூற்பட்டியலுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. ஏனென்றால் பட்டியல் எப்போதும் இன்னொருவருடையதுதான்.

வீட்டில் மேசைமேல் இரண்டு உத்தரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளும் கணவனும் உட்கார்ந்தார்கள். ஆதாரம் இல்லாத வாக்கியம் இருக்கக் கூடாது என்றது முதல் உத்தரவு. வேறு நூலில் இருக்கும் வாக்கியம் இருக்கக் கூடாது என்றது இரண்டாவது. அவள் கணினியைத் திறந்து முதல் வாக்கியத்தைப் பார்த்தாள். அதற்கு ஆதாரம் இருந்தது. ஆகவே அது வேறு நூலில் இருந்தது. எடுத்தாள். இரண்டாவதும் அப்படியே. நாலைந்து பக்கம் இப்படிப் போனபின் கணவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

“ஏம்மா, இப்படியே போனா என்ன மிஞ்சும்?”

“சொன்னதைச் செய்யறேன்” என்றாள். அவள் அவ்வளவு கோபத்தில் இருந்து அவன் பார்த்ததில்லை. கோபத்தில் அவளுடைய கை மிகவும் நிதானமாக இருந்தது, ஊசி போடும்போது இருப்பதைப் போல.

ஒரு வரியையும் அவள் விதிக்கு மாறாக நீக்கவில்லை. முடிந்தபோது அட்டை இருந்தது, தலைப்புப் பக்கம் இருந்தது, சான்றிதழ் இருந்தது, பட்டியல் இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. ஆனால் கட்டிலின் கால்களிலிருந்து காலை வெளிச்சம் வரை எல்லாவற்றுக்கும் ஆதாரம் சேர்த்துச் சேர்த்துப் பட்டியல் பெருத்துப் போயிருந்ததால், பைண்டு செய்து பொன்னெழுத்துப் பொறித்தபோது அது எல்லா ஆய்வேடுகளையும் போலவே கனமாக இருந்தது.

வழிகாட்டி அதைத் திறந்தார். புரட்டினார். மூடினார். நர்ஸை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, “ஆய்வேட்டை முழுசாப் படிச்சேன்னு மனசாட்சியோட நான் கையெழுத்துப் போடற முதல் ஆய்வேடு இது” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஓய்வு பெறப்போகும் நேரத்தில் அவருக்கும் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது.

மையத்தில் சரிபார்ப்பாளர் கவிழ்த்து வைத்துக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கி, முதல்முறையாக ஒரு நூலை முதல் பக்கம் வரை படித்து முடித்தார். அந்த அனுபவத்தில் அவர் முகத்தில் ஒரு களை வந்தது. கால்புள்ளிப் பிரிவு குறை காணவில்லை. திருட்டுத் தடுப்புக் கணினியில் ஒரு சிவப்புக்கோடும் வரவில்லை. மையத்தின் வரலாற்றில் வேறு எந்த நூலோடும் ஒப்புமையே இல்லாத முதல் ஆய்வேடு என்று அறிவித்தார்கள். இயக்குநர் அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போல ஏந்தினார். இவ்வளவு சுத்தமான ஆய்வைத் தான் பார்த்ததில்லை என்றும், தேவையில்லாத ஒரு சொல்கூட இதில் இல்லை என்றும் சொன்னார். அது உண்மைதான்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். அவர் நேராகப் பட்டியலுக்குப் போய், தன் பெயர் எங்கே என்று தேடினார். இல்லை. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்த இயக்குநர், சேர்த்துவிடலாம் என்றார். சேர்த்தார்கள். அதன்பின் கேள்வி எதுவும் இல்லை. நர்ஸுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது.

அவள் அந்தக் கனமான புத்தகத்தைக் கண்காணிப்பாளரின் மேசைமேல் வைத்தாள். அவர் பொன்னெழுத்தைத் தடவிப் பார்த்தார். நடுவில் பிரித்து, பக்கம் பக்கமாகப் பெயர்கள் அடுக்கியிருந்ததைக் கண்டு புருவத்தை உயர்த்தினார்.

“எவ்வளவு ஆதாரம் சிஸ்டர். இதை அன்னிக்கே கொண்டுவந்திருந்தா அன்னிக்கே போட்டிருப்பேனே.”

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. தையல்காரரைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் ‘ஆய்வு முடிவுகளின்படி’ என்று தொடங்கி எழுத ஆரம்பித்துவிட்டார். எழுதுகிற கையை நிறுத்த வேண்டாம் என்று இருந்துவிட்டாள். அவர் கையெழுத்துப் போட்டார். சர்க்குலர் எல்லா வார்டுகளுக்கும் போனது.

அந்த ஆய்வேட்டை மற்ற ஆய்வாளர்களும் மேற்கோள் காட்ட ஆரம்பித்தார்கள். எல்லோரும் பக்க எண்ணோடுதான் காட்டினார்கள். ஒருவர் அதிலிருந்து ஒரு பத்தியையே எடுத்துப் போட்டிருந்தார். நன்றாக எழுதப்பட்ட பத்தி என்று நர்ஸ் படித்துப் பார்த்துக் கணவனிடம் சொன்னாள்.

ஒரு நாள் காலை, மருந்து கேட்டு அவள் ஆண்கள் வார்டுக்குப் போனபோது தரை துடைத்து முடித்திருந்தார்கள். அந்த வார்டின் சிஸ்டர் வாளியோடு கிளம்பியவளை நிறுத்தி, ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலிருந்தும் படியை இழுத்து வெளியே வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். புதிதாக வேலைக்கு வந்த பெண் அவள். எல்லாப் படிகளையும் குனிந்து குனிந்து இழுத்த எரிச்சலில், எதுக்கும்மா இதெல்லாம் என்று கேட்டாள்.

“பெரிய ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காங்க” என்றார் வார்டு சிஸ்டர்.

“என்னன்னு?”

“அதெல்லாம் படிச்சா நமக்குப் புரியாது. நீ படியை வை.”

கட்டிலில் இருந்த பெரியவர் போர்வையை விலக்கிவிட்டு, கீழே பார்க்காமலேயே காலை இறக்கினார். நர்ஸ் பேச்சை விட்டுவிட்டு அந்தக் காலையே பார்த்தாள். அது படியில் பட்டது. அவர் இன்னொரு காலையும் இறக்கி வைத்து எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வழியை மறித்து நிற்கும் அவளைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.